கப்பலுக்குப் போறீங்களா? காதை மறந்துடாதீங்க!

ராத்திரி 2 மணிக்குத் திடீர்னு முழிப்பு வருது. இளம்பிள்ளையில பிறந்து வளர்ந்தவங்களுக்கு இதுக்கு ஒரே அர்த்தம்தான். கரண்ட் போயிடுச்சு! தறி நின்னுடுச்சு. தெருவே கப்சிப். அந்த நிசப்தம்தான் தட்டி எழுப்பியிருக்கு. ஓடுற வரைக்கும் அது தாலாட்டு, நின்னாத்தான் அலாரம்!

இப்படி வளர்ந்த ஒருத்தர் சொகுசுக் கப்பல்ல ஏறிட்டு, "சத்தம் தாங்கலைடா மச்சி, கண்ணை மூட முடியலை"ன்னு புலம்பினா சிரிப்புதானே வரும்? ஆனா நிஜமாவே அப்படி நடக்கும் பாஸ். ஏன்னு பார்ப்போம். அதுக்கு முன்னாடி, 'கப்பல் டூரா? அதெல்லாம் சினிமாவுல ஹீரோ போறது'ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்.

2022 ஜூன் 4-ம் தேதி சென்னை துறைமுகத்துல முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைச்சு ஒரு சொகுசுக் கப்பலை அனுப்பி வெச்சார். கார்டீலியா நிறுவனத்தோட 'எம்ப்ரெஸ்'. சும்மா நடுக்கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்புற 2 ராத்திரி ட்ரிப் ஒண்ணு, விசாகப்பட்டினம், புதுச்சேரின்னு 5 ராத்திரி ட்ரிப் ஒண்ணுன்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம், 2023 ஜூன்ல, அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் கிளம்புச்சு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. ரூட்டும் கட்டணமும் சீசனுக்கு சீசன் மாறும், அதனால அதை புக் பண்ற அன்னைக்குத்தான் விசாரிக்கணும். விஷயம் என்னன்னா, சேலத்துல ரயில் ஏறினா போதும், கப்பல் எட்டுற தூரத்துக்கு வந்தாச்சு. ஃபைனல் இயர் பேட்ச் நாலு நாலு பேரா சேர்ந்து கேபின் எடுத்தா, 'முடியவே முடியாது' லிஸ்ட்ல இருந்து 'ஒரு வருஷம் சேர்த்து வெச்சா முடியும்' லிஸ்ட்டுக்கு வந்துடுது.

சரி, கப்பலுக்குள்ள போவோம். எம்ப்ரெஸ் 1990-ல பிரான்ஸ்ல கட்டின கப்பல். முதல் பேரு 'நார்டிக் எம்ப்ரெஸ்'. அமெரிக்காவுல 3 ராத்திரி, 4 ராத்திரி குட்டி ட்ரிப்புக்குன்னே டிசைன் பண்ணினது. இதுலதான் சூட்சுமம் இருக்கு. 15 நாள் டூர் போறவங்க நிதானமா இருப்பாங்க. 2 ராத்திரிக்கு வர்றவங்க? குடுத்த காசுக்கு நீச்சல் குளம், டி.ஜே., ஷோ, பஃபேன்னு எல்லாத்தையும் 48 மணி நேரத்துல முடிச்சாகணுமே! எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல. தீபாவளிக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம ஊரு சேலைக் கடைகள் எப்படி இருக்கும்? அதேதான், கூட கொஞ்சம் மியூசிக்.

என்ஜின் தாலாட்டும், கதவு 'டமாரும்'

கப்பல்ல ரெண்டு வகை சத்தம் உண்டு. ஒண்ணு, என்ஜின், ஏ.சி. போடுற ஒரே சீரான 'ம்ம்ம்ம்'. ராத்திரி முழுக்க மாறாது. தறி கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒண்ணுமே இல்ல. சொல்லப்போனா சீக்கிரம் தூக்கம் வரும்.

ரெண்டாவது வகைதான் வில்லன். 1 மணிக்கு ஷோ முடிஞ்சு காரிடார்ல ஒரு கும்பல் கத்திக்கிட்டே போகும். பக்கத்து கேபின் கதவு 'டமார்'. மேல் தளத்துல யாரோ சேரை இழுப்பாங்க. டாய்லெட் ஃப்ளஷ் 'ஸ்வ்வ்ராப்'னு உறிஞ்சும் (கப்பல்ல அது காற்றழுத்தத்துல வேலை செய்யுது, முதல் தடவை கேட்டா தூக்கிவாரிப் போடும்). அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. நிறுத்தவும் நம்மால முடியாது.

இந்த 'நிறுத்த முடியாது'ங்கிற நினைப்புக்கு எவ்வளவு பவர்னு டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் சோதிச்சுப் பார்த்து, 1972-ல புத்தகமாவே போட்டாங்க. காலேஜ் ஸ்டூடண்ட்ஸை உட்கார வெச்சு, நேரம் காலம் இல்லாம 108 டெசிபல் சத்தத்தை விட்டு விட்டுக் கேட்க வெச்சாங்க. ஒரு குரூப்புக்கு மட்டும் ஒரு பட்டன். "ரொம்ப முடியலைன்னா அழுத்துங்க, சத்தம் நின்னுடும். ஆனா அழுத்தாம இருந்தா நல்லது"ன்னு சொல்லி வெச்சாங்க. பெரும்பாலும் யாரும் அழுத்தலை. அதாவது ரெண்டு குரூப்பும் கேட்டது ஒரே சத்தம். ஆனா அப்புறம் குடுத்த புதிர்களை பட்டன் குரூப் ரொம்ப நேரம் விடாம முயற்சி பண்ணுச்சு. எழுத்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலையையும் நல்லா செஞ்சுது. ஒரே இடைவெளியில, இதோ வருதுன்னு தெரிஞ்சு வந்த சத்தமும் அந்த அளவு பாதிக்கலை.

வீட்டுல தறி நம்மளோடது. சுவிட்ச் எங்கே இருக்குன்னு தெரியும். பாவுல இழை அறுந்தா சத்தத்தை வெச்சே சொல்லிடுவோம். கப்பல்ல அந்த பட்டன் கிடையாது. அதனால ஏறுறதுக்கு முன்னாடியே நாமதான் ஒரு பட்டன் செஞ்சு எடுத்துட்டுப் போகணும்.

பட்டன் நம்பர் ஒன், கேபின். புக் பண்ணும்போது விலையை மட்டும் பார்க்காம கப்பலோட தள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்க. மேலயும் கீழயும் கேபின்களே இருக்கிற நடுத் தளம்தான் பெஸ்ட். நடு உடம்புல இருந்தா ஆட்டமும் கம்மி, அதனால வாந்தி, தலைசுத்தலும் கம்மி. நீச்சல் குளம், பஃபே ஹால், டான்ஸ் ஃப்ளோர் இதுக்கெல்லாம் நேர் கீழயோ மேலயோ வேண்டாம். பின் பக்கம் கீழ்த் தளத்துல என்ஜின் அதிர்வு இருக்கும். முன் பக்கம்னா கரை நெருங்குற விடியக்காலையில கப்பலைப் பக்கவாட்டுல திருப்புற உந்து விசிறிகள் கடகடன்னு எழுப்பிடும். ரெண்டு கேபினுக்கு நடுவுல உள் கதவு இருந்தா பக்கத்து ரூம் அரட்டை முழுசாக் கேட்கும். அந்தப் பக்கமும் உங்க கேங்க்தான்னா கவலை இல்லை!

ஜன்னல் இல்லாத கேபின்தான் விலை கம்மி. பட்ஜெட் பசங்களுக்கு வேற வழியில்லை. ஆனா நல்ல இடத்துல இருக்கிற ஜன்னல் இல்லாத கேபின், டான்ஸ் ஃப்ளோருக்குக் கீழ இருக்கிற காஸ்ட்லி கேபினை விடத் தூங்க எவ்வளவோ மேல். இருட்டு ப்ளஸ் பாயின்ட்!

கூட்டத்துக்கு ஒரு கணக்கு

கப்பல் பெருசா இருந்தா கூட்டமும் தாங்க முடியாதுன்னு நினைப்போம். அப்படி இல்லை. கப்பலோட 'டன்னேஜ்'ங்கிறது எடை இல்லை, உள்ளே எவ்வளவு இடம் இருக்குங்கிற அளவு. எம்ப்ரெஸ் சுமார் 48,500 டன்னேஜ், சுமார் 800 கேபின். ஒரு கேபினுக்கு 2 பேர்னா ஒரு ஆளுக்கு 30. 2024-ல ஓட ஆரம்பிச்ச 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன்னேஜ், கேபினுக்கு 2 பேர் கணக்குல 5,610 பேர். ஆளுக்கு 44! மூணு மடங்குக்கும் மேல ஜனம், ஆனா தோள் இடிக்கிறது கம்மி. நம்மள மாதிரி நாலு பேர் ஒரு கேபின்ல திணிச்சா எம்ப்ரெஸ் கணக்கு இன்னும் கீழ இறங்கும். எந்தக் கப்பலை விசாரிச்சாலும் இந்த வகுத்தலை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

(நம்ம முன்னோர் போன கப்பலுக்கு இந்தக் கணக்கைப் போடவே பயமா இருக்கு. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடின 'ரஜூலா' ஒரே நடையில 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏத்த அனுமதி வாங்கியிருந்த கப்பல். கேபினாவது, கட்டிலாவது... திறந்த தளம்தான்.)

கூட்டம் ஒரு கடிகாரம் மாதிரி நகரும். சித்தர்கோவில் அமாவாசைக்குப் போறவங்களுக்கு இந்த டெக்னிக் தெரியும். விடியறதுக்குள்ள போறவங்க சாமியைப் பார்த்துட்டு வந்துடுவாங்க, 10 மணிக்குப் போறவங்க முதுகைத்தான் பார்ப்பாங்க! கப்பல்லயும் பஃபேவுக்கு முதல் 20 நிமிஷம் இல்லைன்னா கடைசி அரை மணி. லிஃப்டுக்கு நிக்காதீங்க, உங்களுக்கு 20 வயசு, படி ஏறுங்க. காலை 5:30-க்கு மேல் தளத்துக்குப் போனா சூரியனும் நீங்களும்தான். எல்லாரும் துறைமுகத்துல இறங்கி ஊர் சுத்தப் போற நேரத்துல கப்பலே காலி. நீச்சல் குளத்துக்கு அதான் முகூர்த்தம்.

இன்னொண்ணு. நடுக்கடல்ல மொபைல் சிக்னல் போயிடும், வைஃபைக்குத் தனிக் காசு. "எங்கடா இருக்க?" மெசேஜ் போகாது. 'மூணு வேளையும் இந்த மணிக்கு இந்தப் படிக்கட்டுக்கிட்ட'ன்னு பேசி வெச்சுக்கோங்க. கிளம்பும்போது நடக்கிற பாதுகாப்புப் பயிற்சியைக் கட் அடிக்காதீங்க. கப்பல்ல அலட்சியப்படுத்தவே கூடாத சத்தம் ஒண்ணு உண்டு. ஏழு தடவை குட்டியா, ஒரு தடவை நீளமா ஊதுறது. அவசர அறிவிப்பு அதுதான். எங்கே போய் நிக்கணும்னு அந்தப் பயிற்சியிலதான் சொல்லித் தருவாங்க.

பழகினது மூளைக்கு, காதுக்கு இல்லை

"எங்களுக்கு சத்தமெல்லாம் பழகிடுச்சுங்க"ன்னு நம்ம ஊர்ல பெருமையாவே சொல்வோம். அங்கதான் ஆபத்து. சத்தத்துக்குப் பழகுறது மூளை. காதுக்குள்ள இருக்கிற நுண்ணிய முடி செல்கள் பழகுறதில்லை, சாகுது. ஒரு தடவை போனா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. கூர்மையான, மெல்லிய ஒலிகள்தான் முதல்ல காணாமப் போகும். அதனாலதான் தறி ஓட்டுற பெரியவங்களுக்குப் பேச்சு கேட்கும், ஆனா என்ன வார்த்தைன்னு பிடிபடாது. "என்ன கண்ணு?"ன்னு ரெண்டாவது தடவை கேட்பாங்க.

அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிற கணக்கு இது: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம்! நாடா அடிக்கிற தறிப்பட்டறை 90-ஐ சாதாரணமாத் தாண்டும். டி.ஜே. ஸ்பீக்கர் முன்னாடி 100 ரொம்ப சகஜம். செமஸ்டர் லீவு முழுக்க ராத்திரி தறி பார்த்துட்டு, அந்தக் காசுல கப்பல் ஏறி ஸ்பீக்கருக்கு முன்னாடி மூணு மணி நேரம் ஆடுற ஆளோட காது ரெண்டு ஷிஃப்ட் பார்க்குது.

அதுக்காக ஆடாம வராதீங்க! ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி ஆடுங்க. திறந்த தளத்துல தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். அப்பப்ப வெளியே வந்து கடல் காத்து வாங்குங்க. முடிஞ்சப்புறம் காதுல 'ங்ங்ங்'னு ரீங்காரம் கேட்டா, அளவு மீறிட்டீங்கன்னு அர்த்தம். மறுநாளும் அது நிக்கலைன்னா காது டாக்டரைப் பாருங்க.

பட்டன் நம்பர் டூ, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஃபோம் இயர் பிளக். பஞ்சு வேஸ்ட், அதைத் தாண்டி சத்தம் ஜாலியா உள்ளே போகும். இயர் பிளக்கை விரலால உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையால தலைக்குப் பின்னாடி வழியா காது மடலை மேல தூக்கிப் பிடிச்சு, உள்ளே விட்டு அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். அது உப்பி அடைச்சுக்கும். வெளியே பாதி நீட்டிக்கிட்டு இருந்தா சரியாப் போடலைன்னு அர்த்தம். கப்பலுக்கு முன்னாடி வீட்டுலயே தறி பக்கத்துல நின்னு போட்டுப் பழகுங்க. சத்தம் 'டக்'னு இறங்குதான்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

10 ஜோடி பாக்கெட் வாங்கினா ட்ரிப்புக்கு ரெண்டு, மூணு ஜோடி போதும். பிரிக்காத மிச்சத்தை பேக்லயே விட்டுடாதீங்க. நைட் ஷிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அப்பா கையில குடுத்து, எப்படி உருட்டிப் போடணும்னு காட்டிக் குடுங்க. "இதெல்லாம் எதுக்கு சாமி"ன்னுதான் முதல்ல சொல்வார். நீங்களே ஒரு தடவை அவருக்குப் போட்டு விடுங்க.