குரோமைட்டின் உள்ளுறைக் கனிமங்கள்: சித்தம்பூண்டிப் பாறைகளை முன்வைத்து

முன்னுரை

பண்டைய கடலடித் தளப் பாறைகளும் அவற்றின் கீழிருந்த புவிமூடகப் பாறைகளும் நிலத்தட்டுகளின் நெருக்கத்தால் நிலத்தின்மீது ஏற்றப்பட்டு எஞ்சிய தொகுதி ஓபியோலைட்டு எனப்படும். ஓரிடத்தில் ஓபியோலைட்டு உறுதிப்படுமாயின், அங்கு முன்பு ஒரு கடல் இருந்து மறைந்தது எனக் கொள்ளலாம். திருமங்கலம் உள்ளிட்ட சமவெளிகள் அமைந்த மதுரைப் பாறைத்தொகுதிக்கும் அதன் வடக்கிலுள்ள தொகுதிகளுக்கும் இடையே அத்தகைய கடல் இருந்ததா என்பது தென்னிந்திய நிலவியலின் முதன்மையான வினாக்களுள் ஒன்று. இடையிலுள்ள பாலக்காடு–காவிரி வலயத்தின் மணமேடு, தேவனூர்ப் பாறைகளைச் சிதைந்த ஓபியோலைட்டுகள் என ஆய்வாளர் சிலர் விளக்கியுள்ளனர். இவ்வலயத்தில் குரோமைட்டுக்குப் பெயர்பெற்ற இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. குரோமைட்டின் உள்ளுறைக் கனிமங்கள் இத்தகைய பாறைகளின் பிறப்பை எந்த அளவுக்கு உணர்த்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உள்ளுறைக் கனிமங்களின் பயன்

குரோமைட்டு, பாறைக்குழம்பு குளிரும்போது தொடக்கத்திலேயே படிகமாகும் கனிமங்களுள் ஒன்று. வளரும் படிகம் தன்னைச் சூழ்ந்த குழம்பின் துளிகளையும் பிற கனிமத் துகள்களையும் உள்ளே சிறைப்படுத்துகிறது. ஒலிவின், பைராக்சீன், ஆம்பிபோல், புளோகோபைட்டு ஆகிய சிலிக்கேட்டுகளும், ருத்தேனியத்தின் சல்பைடான லாரைட்டும், ஆஸ்மியம்–இரிடியம் கலவைகளும் இவ்வாறு காணப்படுகின்றன. வெளியிலுள்ள ஒலிவின் நீரால் சர்பெண்டினாக மாறிய பின்னரும், குரோமைட்டினுள் இருப்பது மாறாது எஞ்சக்கூடும். ஆம்பிபோலும் புளோகோபைட்டும் தம் அமைப்பில் நீர்க்கூறு கொண்டவை. எனவே அவை தொடக்கத்திலேயே சிறைப்பட்டிருப்பின், மூலக்குழம்பில் நீர் மிகுந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் சூழலில் இத்தகைய குழம்பு தோன்றுவது இயல்பு.

சித்தம்பூண்டிச் சான்று

ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் விரிவாக விளக்கிய சித்தம்பூண்டித் தொகுதி, அனார்த்தோசைட்டை முதன்மையாகக் கொண்ட அடுக்குப் பாறைத்தொகுதி. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது. ஓபியோலைட்டுகளில் குரோமைட்டு பெரும்பாலும் டியூனைட்டு சூழ்ந்த வில்லைகளாக அமையும். இங்கோ அடுக்குகளாக அமைகிறது. இதன் குரோமைட்டில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. அடுக்குகளில் குரோமைட்டுடன் ஆம்பிபோலும் உள்ளது. ஆயினும் இத்தொகுதி உயர்வெப்ப உருமாற்றத்திற்கு உட்பட்டது. ஆதலால் மணிகளுக்கிடையிலுள்ள ஆம்பிபோல் பின்னாளில் தோன்றியதாகவும் இருக்கலாம். அதைக்கொண்டு மட்டும் மூலக்குழம்பின் நீரளவை முடிவுசெய்ய இயலாது. படிகத்தினுள் தனித்துச் சிறைப்பட்ட ஆம்பிபோலே வலுவான சான்று.

சான்றின் வரம்புகள்

அச்சான்றும் மூன்று சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, உள்ளுறைக் கனிமம் விரிசலோடு தொடர்பற்றிருத்தல். விரிசல் வழியே பிற்காலத் திரவம் புகுந்து புதுக் கனிமத்தை உருவாக்கக்கூடும். இரண்டாவது, கூறு மாற்றத்தைக் கணக்கிற்கொள்ளல். மெதுவாகக் குளிரும்போது ஒலிவினும் குரோமைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் பரிமாறிக்கொள்கின்றன. இதனால் உள்ளிருக்கும் சிறு ஒலிவின், வெளியிலுள்ளதைவிட மக்னீசியம் மிகுந்ததாகிறது. அம்மதிப்பு மூலக்குழம்பைக் காட்டாது. மூன்றாவது, கனிமத்தை அதன் இடத்திலேயே காணல். திபெத்தின் லுவோபுசா ஓபியோலைட்டுக் குரோமைட்டுத் தாதுவை நொறுக்கிப் பிரித்தபோது வைரமும் சிலிக்கன் கார்பைடும் கிடைத்தன. இவ்விரண்டும் ஆய்வகத்தில் உராய்பொருள்களாகவும் பயன்படுவதால் கலப்படம் பற்றிய ஐயம் எழுந்தது. பின்னர் வைரம் குரோமைட்டினுள்ளேயே இருப்பதாக ஆய்வுகள் வெளிவந்த பிறகே விவாதம் அதன் தோற்ற ஆழத்தை நோக்கி நகர்ந்தது.

முடிவுரை

நீர்மிகுந்த குழம்பைக் காட்டும் உள்ளுறைக் கனிமம் தட்டு அமிழும் சூழலைச் சுட்டலாம். ஆனால் அது மட்டும் ஓபியோலைட்டை நிறுவாது. அத்தகைய குழம்பு அடுக்குத் தொகுதிகளையும் உருவாக்கக்கூடும். ஆகவே கள அமைப்பு, குரோமைட்டின் வேதியியல், உள்ளுறைக் கனிமத்தின் இருப்பிடம் ஆகிய மூன்றும் ஒருமுகப்படும்போதே காவிரி வலயத்தில் மறைந்த கடலைப் பற்றிய முடிவுக்குக் குரோமைட்டு துணைநிற்கும். மெருகேற்றிய பாறைச் சீவலில் ஒவ்வொரு துகளின் இடத்தையும் பதிவுசெய்த பின்னரே அதன் வேதிக்கூறுகளை அளப்பது இவ்வாய்வின் அடிப்படை ஒழுங்காதல் வேண்டும்.