சிறு டெரியர் நாயின் அன்றாடப் பராமரிப்பு

டெரியர் என்னும் பெயர் நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியாகப் பிறந்தது. நிலத்தைத் தோண்டி, வளைக்குள் புகுந்து, அங்கு ஒளிந்திருக்கும் பிராணியை வெளியேற்றுவதே இவ்வின நாய்களின் பிறவித் தொழில். இவற்றுள் ஒன்றான ஜாக் றசல் டெரியர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜோன் றசல் (1795–1883) என்னும் பாதிரியாரின் பெயரைத் தாங்கியது. அவர் அதனை நரி வேட்டைக்காக வளர்த்தார். நிறை 5 அல்லது 6 கிலோகிராம் மாத்திரமே; ஆயினும் அதன் சுறுசுறுப்பு பெரிய நாய்க்கும் வாய்ப்பதரிது.

மட்டக்களப்பில் இத்தகைய நாயை வளர்ப்போர் ஒன்றை மனத்திற்கொள்ளல் வேண்டும். எலியைத் துரத்தும் இயல்பே இந்நாயின் பயன். அதுவே அதற்கு ஆபத்துமாகும். ஆகவே அதன் ஊக்கத்தை அடக்காது, நம் கண்பார்வையில் செலவிடச் செய்வதே நல்ல பராமரிப்பு.

உலாவும் வேலையும்

காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் மணல் குளிர்ந்த பின்னும், ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்துக்குக் குறையாது, கயிற்றில் பிடித்து உலாவச் செய்க. நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே சூட்டைத் தணிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் ஓடவிட்டால் வெப்பத்தால் மயங்கி இறத்தலுங் கூடும். நிழலும், மாற்றி வைத்த நன்னீரும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

வேலையற்ற டெரியர் வேலியின் அடியைத் தோண்டி வெளியேறும். வேலி ஓரத்தில் ஓரடி ஆழத்திற்குக் கல்லோ கம்பி வலையோ புதைத்தல் நன்று. பந்தையோ தேங்காய் மட்டைத் துண்டையோ ஒளித்து வைத்துத் தேடப் பழக்கினால், அதன் மனமும் உடலும் ஒருங்கே களைப்படையும்.

உணவு

வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு இருவேளை உணவு போதுமானது. சோற்றுடன் முள் நீக்கிய அவித்த மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றைச் சேர்க்கலாம். மிளகாயும் உப்பும் மிகுந்த கறியைத் தவிர்க்க. வெங்காயம், முந்திரிகைப்பழம், சொக்கலேற் ஆகியன நாய்க்கு நஞ்சாகும். சமைத்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும், கொடுத்தலாகாது.

எலிக்காய்ச்சல்

மாரியில் வயல்கள் நீரில் மூழ்கும்பொழுது எலிகள் மேட்டு நிலத்தையும் வீட்டு வளவையும் நாடும். எலியின் சிறுநீரில் கலந்து வரும் கிருமி, தேங்கிய நீரில் பலநாள் உயிர்வாழும். நீரைக் குடித்தோ எலியைக் கடித்தோ நாய்க்கு நோய் தொற்றும். காய்ச்சல், வாந்தி, உணவில் வெறுப்பு, கண்ணும் முரசும் மஞ்சளாதல் ஆகியன அறிகுறிகள். நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டாரும் இந்நோயைப் பெறக்கூடும். அதனைக் கழுவுவோர் கையுறையும் காலணியும் அணிதல் வேண்டும். நாய்க்குரிய தடுப்பூசி உண்டு. மிருக வைத்தியரைக் கேட்டு, முதலில் இருமுறையும் பின்பு ஆண்டுதோறும் போடுவிக்க.

எலி நஞ்சு வைத்த வளவில் நாயை அவிழ்த்துவிடலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்ற நாய், சில நாள் கழித்து உள்ளே இரத்தம் கசிந்து மாளக்கூடும். அவ்வாறு ஐயமேற்படின், நஞ்சின் பொதியையும் எடுத்துக்கொண்டு, அறிகுறி தோன்றுமுன்னரே வைத்தியரிடம் விரைக. வளைக்குள் நாகமும் புடையனும் தங்குவதால், அங்கே நாயை ஏவுதலும் தகாது.

உண்ணி

மாலை உலா முடிந்ததும் காது, கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்க்க. உண்ணியைக் கண்டால், சாவணத்தால் தோலருகே பற்றி நேரே இழுத்தகற்றுக. மண்ணெண்ணெய் பூசுதல் தோலைப் புண்ணாக்கும். உண்ணியால் இரத்தத்தில் பரவும் நோய்கள் நாயை மெலிவித்துக் கொல்லும்.

நீர்வெறுப்பு நோய்

1973 ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோயால் 377 பேர் மாண்டனர். அதன் பின் நாய்களுக்குப் பரவலாக ஊசி ஏற்றப்பட்டமையால், அண்மைக் காலத்தில் இத்தொகை ஆண்டொன்றுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. குட்டிக்கு ஆறு வாரம் நிறைந்ததும் முதல் ஊசியும், வைத்தியர் குறிக்கும் நாளில் அடுத்ததும், பின் ஆண்டுதோறும் ஒவ்வொன்றும் போடுவித்து, அட்டையைப் பத்திரப்படுத்துக. எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தன் நாய்க்கென ஒதுக்க இயலாதவர், டெரியரை வாங்காதிருத்தலே நன்று. ஒதுக்க இயன்றவருக்கு அது பல ஆண்டு காலம் துணையாக விளங்கும்.