பாறைக்குள் உறங்கும் முதலீடு

நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. கப்பல் வரத்து தடைப்பட்டால் பெட்ரோல் நிலையம் மட்டுமன்று, டாலர் மதிப்பும் காய்கறி விலையும் நம் கடனுக்கான வட்டியும் அதை உணரும். அத்தகைய நாளுக்கென்றே விசாகப்பட்டினம், மங்களூரு, உடுப்பியை அடுத்த பாதூர் ஆகிய மூன்று இடங்களில் மத்திய அரசு நிலத்தடிப் பாறைக் குகைகளை அமைத்துள்ளது. மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். 2019-20ஆம் ஆண்டு நுகர்வுக் கணக்கில் இது ஏறத்தாழ ஒன்பதரை நாள் தேவைக்குப் போதுமானது. எண்ணெய் நிறுவனங்களின் கையிருப்பு இதில் சேராது.

இக்குகைகளுக்கு எஃகு உறை கிடையாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தைவிட மிகுந்திருப்பதால், பாறை வெடிப்புகள் வழியே எண்ணெய் வெளியேறுவதில்லை. நீர்தான் சிறிது சிறிதாக உள்ளே கசிகிறது. அடியில் தேங்கும் அந்நீரை இடையறாது இறைத்தாக வேண்டும். நீர்மட்டம் தாழாதிருக்க, குகைக்கு மேலுள்ள துளைகளின் வழியே புதுநீரும் செலுத்தப்படுகிறது.

வைப்புத்தொகைக்கு வட்டி உண்டு; குகையில் கிடக்கும் எண்ணெய்க்கு இல்லை, பராமரிப்புச் செலவுதான் உண்டு. ஆகவே எப்போது வாங்குகிறோம் என்பதே பெரிய கேள்வி. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலகச் சந்தை சரிந்தபோது, பீப்பாய் சராசரியாக 19 டாலருக்கு வாங்கிக் குகைகள் நிரப்பப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியில் விலை 60 டாலர் அளவில் இருந்தது. ரூ. 5,000 கோடிக்கு மேல் மிச்சம் என்று அரசு அறிவித்தது. குகைகளில் காலியிடம் இருந்ததால் அல்லவா இது கைகூடியது! முழுதும் நிரம்பிய கிடங்கால் மலிவு விலையைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

விடுவிப்பது இன்னும் கடினமான முடிவு. 2021 நவம்பரில், விலையைத் தணிக்க அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளோடு இணைந்து 50 லட்சம் பீப்பாய்களை விடுவிப்பதாக இந்தியா அறிவித்தது. அது நாட்டின் ஏறத்தாழ ஒரு நாள் நுகர்வு. விலையை அசைக்க அது சிறிது. நெருக்கடி நாளிலோ அதுவே பெரிது. விலைக்காக அன்றி, வரத்து தடைப்படும் வேளைக்காகவே இருப்பைக் காப்பது தக்கதென நாம் கருதுகிறோம்.

முடங்கும் முதலின் சுமையைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. மங்களூரு குகையில் ஒரு பகுதியில் அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனம் தன் எண்ணெயைச் சேமித்து வைக்கிறது. நெருக்கடி நேர்ந்தால் அதில் முதல் உரிமை இந்தியாவுக்கே. ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன் கொள்ளளவை அரசு, தனியார் கூட்டு முறையில் அமைக்க 2021 ஜூலையில் ஒப்புதல் அளிக்கப்பட்டது.