சப்வூஃபர் போச்சா? வாங்கும் முன் அளந்து பாருங்கள்!

வானொலியில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் போதும், கார் ஸ்பீக்கர் பற்றிய சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும். "பாட்டு கேட்குது, ஆனா பின்னால அந்த அதிர்வையே காணோம்" என்பதுதான் அடிக்கடி வரும் புகார். கடைக்குப் போனால் "சப்வூஃபர் போச்சு, புதுசு போடணும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு.

என் சித்தி மகனுக்கும் அப்படித்தான் நடந்தது. அவனுடைய பழைய மைவிக்குப் புது சப்வூஃபர், புது ஆம்ப்ளிஃபயர் இரண்டும் சேர்த்து 900 ரிங்கிட் கேட்டிருக்கிறார்கள். மகளுக்குப் பாலர் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. "அண்ணே, நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றான்.

ஸ்டூடியோவில் சத்தம் நின்றுபோனால் நாங்கள் உடனே ஸ்பீக்கரை மாற்றுவதில்லை. மைக்கிலிருந்து தொடங்கி, ஒலி போகும் வழியை ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே நின்றது என்று கண்டுபிடிப்போம். காரிலும் அதே வழிதான். ஹார்ட்வேர் கடையில் விற்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலில் ரேடியோவின் செட்டிங்கைப் பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு சில ரேடியோக்களில் சப்வூஃபர் தானாகவே 'ஆஃப்' ஆகியிருக்கும்.

அடுத்து, பூட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் விளக்கு. அது எரியவே இல்லை என்றால் மின்சாரம் வராமல் இருக்கலாம். ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று வயர்கள் முக்கியம்: பேட்டரி, எர்த், ரிமோட். ரேடியோவைப் போட்டுவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை எர்த்திலும் சிவப்பு முனையை மற்ற இரண்டிலும் மாறி மாறி வையுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய 12 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரி வயரில் மட்டும் இல்லையென்றால், போனெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். ரிமோட்டில் மட்டும் இல்லையென்றால், ரேடியோவின் பின்னால் வயர் கழன்றிருக்கலாம்.

தம்பியின் காரில் இரண்டிலுமே வோல்ட் இல்லை. கறுப்பு முனையை எர்த்திலிருந்து எடுத்து, காரின் இரும்பு உடம்பில் வைத்தவுடன் 12 வோல்ட் வந்தது. ஆக, கோளாறு எர்த் வயரில்! அதன் போல்ட் துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதும் பாட்டு அதிர்ந்தது. செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

விளக்கு சிவப்பாக எரிந்தால் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். ரேடியோவை அணைத்து, சப்வூஃபர் வயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். சிவப்பு போய்விட்டால் குறை சப்வூஃபரிலோ அதன் வயரிலோ இருக்கிறது. போகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது.

சப்வூஃபரைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். வயரைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 4 ஓம் சப்வூஃபர் 3 முதல் 4 வரை காட்டினால் காயிலில் கம்பி அறுந்துபோகவில்லை. எண்ணே வரவில்லை என்றால் அறுந்துவிட்டது; பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்தால் ஷார்ட். பிறகு கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக, சமமாக அழுத்துங்கள். கரகரவென்று உரசினாலோ, கருகல் வாடை வந்தாலோ காயில் கெட்டுவிட்டது. அப்போது தாராளமாகப் புதியது வாங்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதைவிடப் பெரியதைப் போடுவதும், கம்பியைச் சுற்றி நேராக இணைப்பதும் ஆபத்து. எங்கோ கோளாறு இருப்பதால்தான் ஃபியூஸ் போகிறது. அது போகாவிட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். அந்த வயர் பெரும்பாலும் பிள்ளைகள் உட்காரும் பின் இருக்கையை ஒட்டித்தான் பூட்டுக்குப் போகிறது.

இவ்வளவும் நீங்களே செய்ய வேண்டும் என்பதில்லை. கடைக்காரரிடம் "அளந்து காட்டுங்கள்" என்று கேட்டாலே போதும். உண்மையிலேயே கெட்டிருந்தால் மீட்டர் காட்டிவிடும்.