போடி பாளையத்தின் கோட்டை எங்கே போச்சு? திண்டுக்கல் பாறையில் கிடைக்கும் பதில்

விடியற்காலையிலேயே போடிநாயக்கனூர் பரபரப்பாகிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பும் நேரம் அது. வார இறுதி என்றால் வெளியூர் கார்களும் பைக்குகளும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அங்கிருந்து மூணாறு.

இவ்வளவு மலை இருக்கு, ஊர் பெயரிலேயே 'நாயக்கனூர்' இருக்கு, ஜமீன் அரண்மனையும் இருக்கு. அப்படியென்றால் மலை உச்சியில் ஒரு பழைய கோட்டையும் இருக்கணுமே என்று தேடுபவர்கள் உண்டு. ஏலமலைச் சரிவில் அவர்களுக்குக் கிடைப்பது தோட்டமும் பனியும்தான். அவர்கள் தேடும் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால், எதிர்த்திசையில் சுமார் 90 கி.மீ. பயணம் செய்து திண்டுக்கல் போக வேண்டும்.

போடிக்கும் திண்டுக்கல் கோட்டைக்கும் என்ன சம்பந்தம்? பாளையங்களின் கோட்டைகளெல்லாம் என்ன ஆயின?

பாளையம் என்றால் என்ன?

16-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விஸ்வநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வரலாறு. அந்தப் பட்டியலில் போடிநாயக்கனூரும் ஒன்று.

பாளையக்காரரின் வேலை மூன்று: வரி வசூலிப்பது, காவல் காப்பது, அரசர் கூப்பிட்டால் படையோடு போய் நிற்பது. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கொன்றைக் காக்கும் பொறுப்பும் அவர்களுக்கு இருந்ததாகச் சொல்வார்கள். வசூலில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி பாளையக்காரருக்கு.

பாளையக்காரர்கள் தங்கள் ஊர்களில் சிறு கோட்டைகளும் வைத்திருந்தார்கள். பல இடங்களில் அவை மண் கோட்டைகள். ஆனால் மொத்தச் சீமைக்கும் பூட்டு மாதிரி இருந்த பெரிய கோட்டை, பாளையக்காரர் கையில் இருக்காது. அது அரசின் நேரடிப் படைத்தளம். ஐரோப்பாவில் மலை உச்சிக் கோட்டை பெரும்பாலும் ஒரு பிரபுவின் குடும்ப வீடாகவும் இருந்தது. இங்கே கதை வேறு. பாளையக்காரர் கீழே ஊரில் இருப்பார். உச்சியில் அரசின் பீரங்கி இருக்கும்.

ஏன் திண்டுக்கல்?

ஒரு பக்கம் பழநி மலைத்தொடர், இன்னொரு பக்கம் சிறுமலை. நடுவில் சமவெளி. கொங்குநாட்டில் இருந்தோ மைசூரில் இருந்தோ மதுரைக்கு வரும் படை இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்த வழியின் மேலேயே ஒற்றைப் பாறையாக நிற்கிறது திண்டுக்கல் மலை. திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்பார்கள்.

மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605-ல் இங்கே கோட்டை கட்டினார். பின்னால் திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தினார். 1736-ல் நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு இந்தப் பாறைக்குப் போட்டி தொடங்கியது.

1755-ல் மைசூர் அரசு இங்கே ஒரு ஃபௌஜ்தாரை, அதாவது படை நிர்வாகியை அனுப்பியது. சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்குவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவர் பெயர் ஹைதர் அலி. பின்னாளில் மைசூரையே ஆண்டவர், தன் சொந்தப் பலத்தைச் சேர்க்கத் தொடங்கிய இடம் இதுதான். மலையடிவாரத்தில் உள்ள பேகம்பூர் என்ற பெயர்கூட, இங்கே அடக்கம் செய்யப்பட்ட ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் நினைவாக வந்ததுதான்.

1772-ல் கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வெளியேறிய வேலு நாச்சியார், திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கினார். ஹைதரின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார்.

ஒரே பாறை, மாறி மாறிக் கொடி

25 ஆண்டுகளில் இந்தக் கோட்டை கைமாறிய கணக்கைப் பாருங்கள்:

• 1767: கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது
• 1768: ஹைதர் மீட்டார்
• 1783: மீண்டும் கம்பெனி
• 1784: மங்களூர் உடன்படிக்கைப்படி மைசூருக்கே திரும்பியது
• 1790 ஆகஸ்ட்: கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது
• 1792: ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்

அந்தக் கடைசி வரிதான் போடிக்கு முக்கியம். திண்டுக்கல் சீமை கைமாறியபோது அதற்கு உட்பட்ட பாளையங்களும் சேர்ந்தே கைமாறின. அவற்றில் போடிநாயக்கனூரும் ஒன்று. ஏலமலை அடிவாரத்து ஊரின் விதி, எங்கோ ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட ஒரு கையெழுத்தில் மாறியது.

அப்புறம் பாளையக் கோட்டைகள் என்ன ஆயின?

கம்பெனியின் வரியையும் அதிகாரத்தையும் பாளையக்காரர்கள் பலர் ஏற்கவில்லை. 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1800, 1801-ல் மருது சகோதரர்களும் கோபால நாயக்கரும் சேர்ந்து பெரிய எதிர்ப்பைத் திரட்டினார்கள். 1801-ல் அவர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதோடு விடவில்லை. 1801 ஜூலை 31-ஆம் தேதி கர்நாடக உடன்படிக்கைக்குப் பிறகு பாளைய முறையே ஒழிக்கப்பட்டது. பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்தார்கள், படைகளைக் கலைத்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். ஒத்துப்போனவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். வரி கட்டலாம், அரண்மனையில் வாழலாம். படையும் கோட்டையும் மட்டும் கூடாது.

போடியில் இன்று நாம் பார்ப்பது அரண்மனைதான், கோட்டை இல்லை என்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியிலும் அப்படித்தான். இன்று அங்கே நிற்கும் கோட்டை, தமிழக அரசு 1974-ல் கட்டிய நினைவுச் சின்னம். பழைய கோட்டை தரைமட்டமாக்கப்பட்டுவிட்டது. திண்டுக்கல் கோட்டை மட்டும் தப்பியது எப்படி? அது கம்பெனிக்கே தேவைப்பட்டது. தங்கள் படையை அங்கே வைத்தார்கள். வென்றவர்களுக்குப் பயன்பட்ட கோட்டை நின்றது, எதிர்த்தவர்களின் கோட்டைகள் மண்ணோடு போயின. இன்று நாம் ஒரு 'பாரம்பரியச் சின்னத்தை' ரசிக்கிறோம் என்றால், எது மிஞ்ச வேண்டும் என்று அன்றைக்கே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மேலே ஏறினால் எதைப் பார்க்கணும்?

*படிகள்:* பாறையிலேயே வெட்டிய படிகள். உயரம் குறைவு. குதிரைகள் ஏறுவதற்கு ஏற்ற மாதிரி வெட்டியது என்பார்கள். ஏறும்போது கால் சொல்லிவிடும்.

*மதில்:* கல்லும் செங்கல்லும் கலந்த கட்டுமானம். ஒவ்வொரு ஆட்சியும் தன் பங்குக்குச் சேர்த்தும் பழுதுபார்த்தும் வந்திருக்கிறது. பீரங்கி வைக்க விட்ட இடைவெளிகளில் நின்று கீழே பாருங்கள். எந்தச் சாலையைக் குறிவைத்தார்கள் என்பது புரியும்.

*கிடங்கு அறைகள்:* ஆயுதமும் வெடிமருந்தும் வைத்த அறைகள். வெளியே பாறை கொதிக்கும் வெயிலிலும் உள்ளே சூடு குறைவாக இருப்பதற்குக் காரணம் சுவரின் தடிமன்.

*சுனைகள்:* மலைக்கோட்டையின் உயிரே தண்ணீர்தான். சுனை வற்றினால் எவ்வளவு பெரிய மதில் இருந்தும் முற்றுகையைத் தாங்க முடியாது. மழைநீரைத் தேக்கும் பாறைக் குழிகளைத் தவறவிடாதீர்கள்.

*உச்சிக் கோயில்:* செதுக்கிய தூண்கள் இருக்கின்றன, கருவறையில் மூலவர் இல்லை. மலை மேல் இருந்த தெய்வங்கள்தான் கீழே ஊருக்குள் அபிராமி அம்மன், காளஹஸ்தீஸ்வரர் கோயிலில் இருப்பதாக மக்கள் சொல்கிறார்கள்.

எப்படிப் போவது?

போடியில் இருந்து தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகச் சாலை. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. மதுரை போய் மாறலாம். காலையிலேயே ஏறிவிடுங்கள். பாறையில் நிழல் குறைவு, வெயில் ஏறினால் கஷ்டம். தண்ணீரும் நல்ல பிடிமானமுள்ள செருப்பும் அவசியம். மழை பெய்தால் பாறை வழுக்கும்.

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. சுவரில் பெயரைக் கிறுக்குவது விளையாட்டு இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம்.

யுனெஸ்கோ வரைக்கும் போகுமா?

2025 ஜூலையில் 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்ம செஞ்சி. கோட்டைகளைத் தனித்தனிக் கட்டடமாகப் பார்க்காமல், ஒன்றோடொன்று இணைந்த வலைப்பின்னலாகக் காட்டியதுதான் அந்த முயற்சியின் பலம்.

திண்டுக்கல் பாறை, விருப்பாச்சி, போடி அரண்மனை, பெயரில் மட்டும் பாளையம் மிச்சமிருக்கும் உத்தமபாளையம் ஆகியவற்றையும் அப்படிச் சேர்த்துப் பார்க்க முடியும். அதற்கு விருது வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை போடிமெட்டுக்குக் கிளம்பும்போது, போகிற வழியில் திண்டுக்கல்லில் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்.