இருதய வால்வு கசிந்தால் எப்போது கவலைப்பட வேண்டும்?

பினாங்கு தண்ணீர்மலை ஆலயத்தின் 513 படிகளை முன்பு சுலபமாக ஏறியவர், இப்போது பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தால், "வயதாகிவிட்டது" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இருதய வால்வு கசிவும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகளைப் போல, இரத்தம் திரும்பி வராமல் இவை தடுக்கின்றன. கதவு சரியாக மூடாவிட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பின்னோக்கிக் கசியும். முதுமை, மாரடைப்பு, கிருமித் தொற்று ஆகியவை இதற்குக் காரணங்கள். சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலும் வால்வைக் கெடுக்கும். நெருக்கடியான வீடுகளில் அந்தத் தொண்டைப் புண் எளிதில் பரவும் என்பதால், லயன் வீடுகளில் வளர்ந்த மூத்தவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஸ்டெதாஸ்கோப்பில் வழக்கத்திற்கு மாறான ஓசை கேட்டால், மருத்துவர் எக்கோ பரிசோதனைக்கு அனுப்புவார். இது வலி இல்லாத ஸ்கேன். கசிவு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று அது காட்டும். லேசான கசிவு பலருக்கும் உண்டு, பயம் வேண்டாம்.

கடுமையான மைட்ரல் வால்வு கசிவில்தான் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தின் விகிதம் பொதுவாக 55 முதல் 70 விழுக்காடு. கசிவு உள்ளவருக்கு இரத்தம் பின்னோக்கியும் எளிதாக ஓடுவதால், இந்த எண் நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஆகவே அவருக்கு 60 விழுக்காட்டை எட்டினாலே இருதயத் தசை தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடலில் எந்தத் தொல்லையும் தெரியாவிட்டாலும், அறுவைச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது. தாமதித்தால் தளர்ந்த தசை முழுமையாகத் தேறாமல் போகலாம்.

மருந்து மூச்சுத் திணறலையும் கால் வீக்கத்தையும் குறைக்கும். கெட்டுப்போன வால்வைச் சரிசெய்யாது. முடிந்தவரை சொந்த வால்வையே செப்பனிடுவார்கள். இயலாவிட்டால் மாற்று வால்வு பொருத்துவார்கள். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தேவை. மருத்துவரைக் கேட்காமல் நாட்டு மருந்து சேர்க்கக்கூடாது. விலங்குத் திசு வால்வுக்கு வார்ஃபரின் பெரும்பாலும் சில மாதங்களே. ஆனால் 10, 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடலாம். அறுவைச் சிகிச்சையைத் தாங்க முடியாத சிலருக்குத் தொடை இரத்தக்குழாய் வழியாக 'கிளிப்' பொருத்தும் முறையும் உண்டு.

முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லலாம். தேவைப்பட்டால் பினாங்கு பொது மருத்துவமனைக்கோ, 1992 முதல் கோலாலம்பூரில் இயங்கும் தேசிய இருதயக் கழகத்திற்கோ அனுப்பி வைப்பார்கள். பழைய எக்கோ அறிக்கைகளைத் தவறாமல் கொண்டு செல்லுங்கள். சென்ற முறை எண் எவ்வளவு, இம்முறை எவ்வளவு என்று கேளுங்கள்.