ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் புள்ளிகள் தெரிகின்றன

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதன்மேல் பொடிப்பொடிப் புள்ளிகள் ஓயாமல் துடிக்கின்றன. விளக்கை அணைத்தால் இன்னும் மோசம். சிக்னல் போன பழைய டி.வி. திரை மாதிரி என்றுதான் பலரும் சொல்கிறார்கள். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரைவரை பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார். எம்.ஆர்.ஐ.யும் நார்மல். வீட்டிலோ, "சும்மா போனையே பார்த்துக்கிட்டிருந்தா இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். சொல்பவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

சந்தேகமே வேண்டாம். இதற்குப் பெயர் இருக்கிறது: விஷுவல் ஸ்நோ சின்ட்ரோம். நெடுங்காலம் இதை ஒற்றைத் தலைவலியின் ஒரு வடிவம் என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃப் ஷாங்கின், பீட்டர் கோட்ஸ்பி குழுவினர்தான் 2014-ல் இது தனிக் கோளாறு என்று காட்டி, கண்டறியும் வரையறையையும் வகுத்தார்கள். புள்ளிகள் பார்வை முழுவதும், இடைவிடாமல், 3 மாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். கூடவே நான்கு தொல்லைகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். முதலாவது, பார்த்த உருவம் விலகிய பிறகும் தங்கிநிற்பது. கையை அசைத்தால் அதன் பின்னால் தடம் நீள்வதும் இதில் சேரும். மற்றவை: வானத்தைப் பார்த்தால் அளவுக்கு மீறிப் பூச்சி பறப்பது, வெளிச்சம் கூசுவது, இருட்டில் பார்வை திணறுவது. பலருக்குக் காதில் இரைச்சலும் உண்டு.

ஸ்கேனில் ஏன் தெரிவதில்லை? கோளாறு கண்ணில் அல்ல, கண் அனுப்புவதை மூளை கையாளும் விதத்தில் இருக்கிறது. மூளையின் பின்புறம் பார்வைக்கான ஒரு பகுதி கூடுதலாக இயங்குவதை பெட் ஸ்கேன் ஆய்வு காட்டியது. வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைத்தான் காட்டும், இயக்கத்தை அல்ல. ஆனாலும் அந்த நார்மல் ரிப்போர்ட் வீணல்ல. கட்டி போன்றவை இல்லை என்று அது சொல்வது பெரிய சேதி.

இந்த நோயை உறுதிசெய்யத் தனி டெஸ்ட் கிடையாது. அதனால் நீங்கள் சொல்லும் விவரம்தான் டாக்டருக்கு ஆதாரம். "பார்வை சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பேச்சு கண்ணாடி பவரோடு நின்றுவிடும். ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. இரண்டிலும் ஒரே மாதிரி தெரிகிறதா? எப்போது ஆரம்பித்தது? தலைவலி உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? போதைப் பொருள் எடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சிலவகைப் போதைப் பொருள்கள் இதே போன்ற தொல்லையைத் தரும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் கொடுங்கள்.

ஆனால் சில அறிகுறிகளை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. திடீரென ஒரு கண்ணில் மட்டும் மங்கல், கண்ணை அசைத்தால் வலியோடு நிறங்கள் வெளிறுவது, திரை இறங்கியது போல ஓரம் மறைவது, இரட்டையாகத் தெரிவது, குனிந்தால் பார்வை இருண்டு திரும்புவது, கைகால் மரப்பு, பேச்சுக் குழறல். இவை வேறு நோய்களின் அடையாளங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விஷுவல் ஸ்நோவை முற்றிலும் போக்கும் மருந்து இன்னும் இல்லை. லாமோட்ரிஜின் என்ற மருந்து சிலருக்கு ஓரளவு உதவுகிறது. நிறமிட்ட கண்ணாடி சிலருக்குக் கூச்சத்தைத் தணிக்கிறது. கூடவே இருக்கும் தலைவலி, தூக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை எடுப்பது நல்லது. இந்தப் புள்ளிகளால் யாருக்கும் கண் பார்வை பறிபோவதில்லை.